மருந்தாளர் படிப்புக்கு எந்த வாசல்? பாஸ், லாஸ், இல்லை ஊருக்கே அனுப்பலாமா?

ஜனவரியில், பிரான்ஸில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் பார்கூர்சுப் தளம் திறந்த இரண்டாம் நாளே ரெயூனியன் தீவின் சேந்தாந்த்ரேயிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். தெர்மினால் படிக்கிறாள், அதாவது பள்ளியின் கடைசி ஆண்டு. "சித்தி, எனக்கு ஃபார்மசிதான் வேணும். பாஸ் போடவா, லாஸ் போடவா?" பின்னாலிருந்து அக்காவின் குரல்: "காரைக்காலுக்கே அனுப்பிடலாமான்னு சித்தியைக் கேளு." அதற்கும் பின்னால் அத்தான்: "முதல்ல ஏதாவது ஒரு பட்டம் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

நான் சேன் தெனியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். ரெயூனியனில் தமிழ் பேசும் குடும்பங்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் குடும்பங்களிலும் பிள்ளைக்குப் பதினேழு வயதானால் இதே கேள்வி வந்துவிடுகிறது. அன்று தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவளுக்கும் உதவும், அவளைப் போல இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் அடிப்படை. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்ததும் நேரே பி.ஃபார்மில் சேரலாம். பிரான்ஸில் அப்படி முடியாது. ரெயூனியனும் பிரான்ஸ்தான், சட்டம் ஒன்றே. பள்ளி இறுதித் தேர்வான பாக் முடித்தவர் முதலில் பல்கலைக்கழகத்தில் ஓராண்டாவது படிக்க வேண்டும். அந்த ஆண்டின் மதிப்பெண்ணையும் தரவரிசையையும் வைத்துத்தான் மருந்தியலின் இரண்டாம் ஆண்டில் இடம் கிடைக்கும். மொத்தம் 6 ஆண்டு படித்து, ஆய்வேடு சமர்ப்பித்தால் மருந்தியல் டாக்டர் என்ற அரசுப் பட்டம். மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ நிபுணராக வேண்டுமென்றால் இடையில் இன்டெர்னா என்ற போட்டித் தேர்வு இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னும் சில ஆண்டுகள்.

இதில் தீவுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் விஷயம். முதலாண்டை இங்கேயே, ரெயூனியன் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். மருந்தியலில் இடம் கிடைத்துவிட்டால் இரண்டாம் ஆண்டிலிருந்து போர்தோ போக வேண்டும். பாரிஸுக்கே விமானத்தில் பதினோரு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு பயணம். பிள்ளை வெற்றி பெறுவதும் வீட்டை விட்டுப் போவதும் ஒரே கடிதத்தில் வருகிறது. பெற்றோர் இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

நான் படித்த காலத்தில் ஒரே ஒரு வழிதான், பாசேஸ் என்பார்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பேறுகால உதவியாளர் படிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முதலாண்டு, ஆண்டு முடிவில் தரவரிசை. எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கு அரசு போட்ட உச்சவரம்பு. தோற்றால் ஒருமுறை திரும்ப எழுதலாம். நானும் அப்படித் திரும்ப எழுதித்தான் உள்ளே போனேன். 2019 ஜூலை 24ஆம் தேதிச் சட்டம் அந்த அமைப்பை நீக்கியது. 2020இல் சேர்ந்தவர்களிலிருந்து இரண்டு வாசல்கள் வந்தன: பாஸ், லாஸ்.

பாஸ் என்றதும் நம் பெரியவர்கள் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். "பிள்ளை பாஸில் சேர்ந்துட்டா" என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து இனிப்பு கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது ஒரு பாடத்திட்டத்தின் பிரெஞ்சுப் பெயரில் உள்ள முதலெழுத்துகள், அவ்வளவுதான். போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

பாஸில் பெரும்பகுதி நேரம் உடல்நலப் பாடங்களுக்கு. உயிர்வேதியியல், செல் உயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், மருந்து பற்றிய அறிமுகம் என்று போகும். கூடவே வேறொரு துறையில் ஒரு துணைப்பாடம். ஆண்டின் 60 கிரெடிட்டில் குறைந்தது 10 இந்தத் துணைப்பாடத்துக்கு. எழுத்துத் தேர்வில் மிக நல்ல மதிப்பெண் எடுத்த சிலர் நேரே இடம் பெறுவார்கள். அடுத்த நிலையில் இருப்பவர்கள் வாய்மொழித் தேர்வுக்குப் போவார்கள். மீதிப் பேருக்கு அந்த ஆண்டு அத்தோடு சரி. பாஸை இரண்டாம் முறை படிக்க முடியாது, பழைய முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இடம் கிடைக்காமல் போனாலும் 60 கிரெடிட்டும் எடுத்திருந்தால், துணைப்பாடமாக எடுத்த துறையின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பிறகு இன்னொரு முறை முயலலாம். 60 கிரெடிட் வரவில்லையென்றால் பார்கூர்சுப் வழியாக மறுபடி ஒரு முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

லாஸ் இதைத் திருப்பிப் போட்டது போல. லிசான்ஸ் எனப்படும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு ஒன்றில் சேருகிறோம். வேதியியலாக இருக்கலாம், உயிர் அறிவியலாக இருக்கலாம், சட்டமோ பொருளாதாரமோ உளவியலோகூட இருக்கலாம். அதுதான் முதன்மைப் பாடம். உடல்நலப் பாடங்கள் துணைப்பாடமாக வரும், குறைந்தது 10 கிரெடிட். மருந்தியலுக்கு விண்ணப்பிக்க அந்த ஆண்டின் 60 கிரெடிட்டையும் முதல் தேர்விலேயே எடுத்திருக்க வேண்டும். மறுதேர்வில் எடுத்தது கணக்கில் வராது. முதலாண்டு முடிவிலோ, இரண்டாம் ஆண்டு முடிவிலோ, மூன்றாம் ஆண்டு முடிவிலோ முயலலாம். இடம் கிடைக்காவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் பட்டத்தை அப்படியே தொடரலாம்.

பாஸில் தொடங்கினாலும் லாஸில் தொடங்கினாலும் ஒருவருக்கு மொத்தம் இரண்டு முயற்சிதான். லாஸில் இருப்பவர் முதலாண்டில் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டு, இரண்டு வாய்ப்பையும் அடுத்த ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது. முதல் செமஸ்டரில் தடுமாறிய பிள்ளை, "விண்ணப்பித்துத்தான் பார்ப்போமே" என்று ஒரு வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. பாஸில் அப்படித் தள்ளிப்போட வழியில்லை. அந்த ஓராண்டில்தான் எல்லாமே.

எது சுலபம் என்று கேட்டால் இரண்டுமே சுலபமில்லை. கஷ்டத்தின் வகைதான் வேறு. பாஸ் மாணவருக்கு நாள் முழுக்க ஒரே திசையில் ஓட்டம். குறிப்பு, மனப்பாடம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், மறுநாள் மறுபடி அதே. சுற்றியிருக்கும் எல்லாரும் அதையே படிப்பதால் ஒரு கூட்டத்தின் வேகம் இழுத்துக்கொண்டு போகும். லாஸ் மாணவருக்கு இரண்டு தலை வேண்டும். காலையில் வேதியியல் சோதனைச் சாலை, அறிக்கை எழுதுவது, மாலையில் உடல்நலப் பாடம். அதைப் பல நேரம் தனியாகத் திரையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் கவலை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை அவர் கடற்கரைக்குப் போவார். இந்தத் தனிமையைத் தாங்குவது பதினெட்டு வயதில் சின்ன விஷயமில்லை.

இரண்டு வழிக்கும் இடங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், தரவரிசையும் தனித்தனி. அதனால் பாஸில் இத்தனை பேர், லாஸில் இத்தனை பேர் என்று மொத்தக் கூட்டத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தில், அந்த வழியில், மருந்தியலுக்கு மட்டும் எத்தனை இடம் என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இந்த எண்களை வெளியிடுகின்றன. எந்தெந்த லிசான்ஸில் லாஸ் உண்டு என்பதும் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். பார்கூர்சுப்பில் அந்தந்தப் படிப்பின் பக்கத்தைத் திறந்து கடைசி வரை படியுங்கள்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். அக்கா மகளிடம் நான் முதலில் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. "உனக்கு ஃபார்மசி முதல் ஆசையா, மெடிசின் கிடைக்காவிட்டால் போகிற இடமா?" என்றுதான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவம் முதல் ஆசை, மருந்தியல் இரண்டாவது என்றால் பாஸ்தான் பொருத்தம். உடல்நலப் பாடங்களில் முழுமையாக இறங்கி, இரண்டுக்கும் ஒருசேரப் போட்டியிடலாம். மருந்தியலே முதல் ஆசை என்றால், வேதியியலையோ உயிர் அறிவியலையோ முதன்மையாகக் கொண்ட லாஸ்தான் நல்லது என்று நினைக்கிறேன். என்னோடு வேலை செய்கிற எல்லாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் எனக்கு இதில் உறுதி உண்டு. காரணம் போர்தோவில் நான் பார்த்த இரண்டாம் ஆண்டு.

மருந்தியலின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தால் எதிரே வருவது வேதியியல். கரிம வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், அப்புறம் தாவரவியல், மாத்திரையும் களிம்பும் எப்படி உருவாகின்றன என்கிற காலெனிக் பாடம், உடலியங்கியல். நான் பாசேஸில் உடற்கூறியலை வரி விடாமல் மனப்பாடம் செய்து போனவள். ஒரு மூலக்கூறின் படத்தைப் பார்த்து, அது நீரில் கரையுமா கொழுப்பில் கரையுமா என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே அது தெரியாமல் ஒரு நாளும் நகராது. ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடிப்படையிலிருந்து படித்தேன். ஓராண்டோ இரண்டாண்டோ வேதியியல் லிசான்ஸ் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் மிச்சம். அவளுக்கு உடலியங்கியலில் இடைவெளி இருக்கும், உண்மை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவது எளிது, படித்தால் வந்துவிடும். வேதியியல் பழக்கம் கையில் வர நாளாகும்.

சட்டத்தையோ பொருளாதாரத்தையோ முதன்மையாகக் கொண்ட லாஸிலிருந்து மருந்தியலுக்கு வருகிறவர்களும் உண்டு. சட்டம் அதை அனுமதிக்கிறது, வந்தவர்கள் நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் இடைவெளியோடு வருகிறார்கள். "சட்டத்தில் போட்டி குறைவு, அது வழியாகப் போகலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், பிள்ளைக்குச் சட்டத்தில் உண்மையாகவே விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பாஸ் எடுக்கிறவர்களும் துணைப்பாடத்தை இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், மனப்பாடம் குறைவாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தனக்குச் சற்றும் பிடிக்காத ஒரு துறையைத் துணைப்பாடமாக எடுத்தான். பாஸில் 60 கிரெடிட்டும் வந்தது, இடம் மட்டும் வரவில்லை. சட்டப்படி அடுத்த ஆண்டு அதே துறையின் இரண்டாம் ஆண்டில் போய் உட்கார்ந்தான். மற்றவர்கள் முதலாண்டு முழுக்கப் படித்ததை இவன் 10 கிரெடிட் அளவுக்குத்தான் படித்திருந்தான். டிசம்பரில் நின்றுவிட்டான். அவன் சோம்பேறி இல்லை, நல்ல பிள்ளை. மருந்தியல் கிடைக்காமல் போனாலும் மூன்றாண்டு இதையே படிக்க எனக்குச் சம்மதமா என்ற கேள்வியை அவனை யாரும் கேட்கவில்லை. பாஸானாலும் லாஸானாலும் துணைப்பாடத்தையும் லிசான்ஸையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் வீடுகளில் சுற்றுகிறது: "மருந்தியலில் இடமெல்லாம் காலியாகக் கிடக்கிறதாமே?" இது பொய்யில்லை. 2022இல் பிரான்ஸ் முழுவதும் மருந்தியல் இரண்டாம் ஆண்டில் சுமார் 1,100 இடம் நிரம்பாமல் போனது. புதிய முறை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் புரியவில்லை, மருந்தியல் என்ற படிப்பே பலர் கண்ணில் படவில்லை என்று அப்போது நிறையப் பேசினார்கள். ஆனால் காலி இடம் ஏதோ ஒரு நகரத்தில் இருப்பதால் இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தானாக வந்துவிடாது. நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பட்டியலில்தான் போட்டி. அந்தச் செய்தியை நம்பிப் படிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து ஒரு தைரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: மருந்தியலை விரும்பி வருகிறவர்களை இந்த நாடு தேடுகிறது.

விதிகள் இப்படியே நீடிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அரசின் தணிக்கை மன்றம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பாஸும் லாஸும் குழப்பமாக இருக்கின்றன, ஒரே வழியாக்குங்கள் என்று பரிந்துரைத்தது. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நான் மேலே சொன்னதில் பாதி மாறியிருக்கலாம். வேதியியலை நன்றாகப் படி என்பது மட்டும் மாறாது.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். ஊருக்கு அனுப்பலாமா? இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. போர்தோவில் நமக்கு யாரும் இல்லை. காரைக்காலில் பெரியம்மா வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பிள்ளைக்குத் தமிழும் கூர்மையாகும். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பி.ஃபார்ம் கல்லூரிகள் நிறைய. 4 ஆண்டில் பட்டம், தரவரிசை என்ற கத்தி தலைமேல் தொங்காது. 2008இலிருந்து ஃபார்ம்.டி என்ற 6 ஆண்டுப் படிப்பும் இருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சி அதில் அதிகம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ அட்டை வைத்திருப்பவர்கள் இந்தியாவில் மருந்தாளராகப் பணிபுரியவும் வழி உண்டு. பிள்ளை இந்தியாவிலேயே வாழ முடிவு செய்தால் இது மிக நல்ல வழி.

திரும்பி வந்து சேன் தெனியில் கடையில் நிற்க வேண்டும் என்றால் கதை வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பார்ப்பது பட்டம் எந்த நாட்டில் வாங்கியது என்பதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய பட்டம் என்றால், பிரெஞ்சுக் குடிமகளாகவே இருந்தாலும் அறிவுச் சரிபார்ப்புத் தேர்வு எழுத வேண்டும். அது வெறும் தேர்ச்சித் தேர்வு இல்லை, குறைந்த இடங்களுக்கான போட்டி. அதில் தேறினால் மருத்துவமனையில் மேற்பார்வையோடு சில ஆண்டு வேலை. அதற்குப் பிறகு ஒரு குழு கோப்பைப் பார்த்து அனுமதி தரும். பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சு மருந்துப் பெயர்களோடு, இங்கே ஆறாண்டு படித்தவர்களின் தரத்தில் அந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். 4 ஆண்டில் முடித்துவிடலாம் என்று போன பிள்ளை, இங்கே கடையில் நிற்கும்போது 8, 10 ஆண்டு ஆகியிருக்கும். ஸ்பெயின், பெல்ஜியம் போன்ற ஒன்றிய நாடுகளின் மருந்தியல் பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறைப்படி அது நேரே ஏற்கப்படும். ஆனால் அதற்கு மொழியும் செலவும் வேறு கணக்கு.

ஆகவே அக்காவிடம் சொன்னேன்: "அவள் எங்கே வாழப்போகிறாள் என்பதை முதலில் கேள். இங்கே என்றால் இங்கேயே படிக்கட்டும். விடுமுறைக்குக் காரைக்கால் போகட்டும்."

அத்தானின் யோசனையும் வீணானதில்லை. மாஸ்டர் பட்டமோ பொறியியல் பட்டமோ ஆய்வுப் பட்டமோ முடித்தவர்கள் பாஸ்ரேல் என்ற பாலத்தின் வழியாக மருந்தியலின் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நேரே சேர விண்ணப்பிக்கலாம். கோப்பைப் பார்த்து, நேர்காணல் வைத்து எடுப்பார்கள். இருபத்தைந்து வயதில் மனம் தெளிந்தவர்களுக்கு அது அருமையான வழி. பதினேழு வயதில் தெளிவாக இருக்கும் பிள்ளையை அந்தப் பாலத்துக்காகக் காக்க வைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ப்ரேபாரத்தர் படிப்பு: மருந்தாளரின் மேற்பார்வையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள். இரண்டாண்டு, கடையில் வேலை செய்து சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். மதிப்பான தொழில், எங்கள் கடையே அவர்கள் கையில்தான் ஓடுகிறது. ஆனால் அது தனித் தொழில். மருந்தாளர் ஆவதற்கான முதல் படி என்று எண்ணி அதில் சேர வேண்டாம்.

வழி முடிவானதும் தயாரிப்பு. இது பல்கலைக்கழகத்தில் தொடங்குவதில்லை, லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது. தெர்மினாலுக்கு முந்தைய ப்ரமியேர் ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்கள், தெர்மினாலில் அதில் ஒன்றை விட வேண்டும். மருந்தியலை நினைப்பவர் இயற்பியல்-வேதியியல் பாடத்தை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. அதோடு உயிர் அறிவியலை வைத்துக்கொண்டு கணிதத்தை விட்டால், துணைக் கணிதம் என்ற விருப்பப் பாடத்தைக் கட்டாயம் எடுக்கட்டும். முதலாண்டில் புள்ளியியல் வரும்போது அதன் அருமை தெரியும். பாக் தேர்வில் வரும் கிரான் தோரால் என்ற வாய்மொழித் தேர்வை நம் பிள்ளைகள் பலர் கடமைக்குச் செய்கிறார்கள். ஓராண்டு கழித்து மருந்தியல் இடமே ஒரு வாய்மொழித் தேர்வில் தீர்மானமாகலாம். நம் வீடுகளில் பெரியவர் முன் பிள்ளை பேசாமல் நிற்பதை மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். தேர்வுக் குழுவின் முன் நிமிர்ந்து பேசவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வீட்டிலேயே பழக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் தினம் பத்து நிமிடம் போதும்.

ப்ரெபா என்ற தனியார் பயிற்சி வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் பாசேஸைத் திரும்ப எழுதிய ஆண்டு அப்பா கடன் வாங்கி ஒரு வகுப்பில் சேர்த்தார். கையில் வந்தது முந்தைய ஆண்டின் நகல் தாள்கள், பாடத்திட்டம் மாறியிருந்ததைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றியது துத்தோரா. மேல் வகுப்பு மாணவர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் பயிற்சி அது. போன ஆண்டு அதே தேர்வை எழுதியவர்கள், அதே பேராசிரியரிடம் படித்தவர்கள், மாதிரித் தேர்வு வைத்துத் தரவரிசையும் தருவார்கள். முதலில் துத்தோராவில் சேருங்கள். அக்டோபர் முடிவில் ஒரு பாடத்தில் இடறினால் அந்தப் பாடத்துக்கு மட்டும் தனியாக யாரையாவது பிடிக்கலாம்.

செலவைப் பற்றி இரண்டு வரி. அரசுப் பல்கலைக்கழகத்தில் லிசான்ஸ் நிலைக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 175 யூரோ. மாணவர் வாழ்வு நிதி என்று இன்னும் நூறு யூரோ சொச்சம். உதவித்தொகை பெறுபவர்களுக்கு இரண்டும் இல்லை. முதலாண்டைத் தீவிலேயே படித்தால் வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. இதனால்தான் முதலாண்டிலேயே பெருநிலத்துக்கு ஓடுவதை நான் ஆதரிப்பதில்லை. பதினெட்டு வயதில் குளிரும் தனிமையும் தரவரிசையும் ஒரே நேரத்தில் வேண்டாம். போர்தோ போகும் கட்டம் வந்தால் மாணவர் நல அமைப்பான குரூஸின் விடுதி அறைக்குப் பெருநிலத்தின் வசந்த காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்புக்குள் இருந்தால் லாதோம் நிறுவனம் விமானச் சீட்டுக்கு உதவும். மருந்தியல் புலம் இருப்பது கரேர் வளாகத்தில், அறை தேடும்போது அந்தப் பக்கம் தேடுங்கள்.

அக்கா மகளிடம் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. விடுமுறையில் ஒரு வாரம் எங்கள் கடைக்குப் பார்வையாளர் பயிற்சிக்கு வந்திருந்தாள். இந்தத் தீவில் சர்க்கரை நோய் பெருநிலத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் மாத்திரைப் பையோடு அயபானா இலையும் கொண்டுவருவார்கள், "இதையும் சேர்த்துக் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். அயபானா உள்ளிட்ட தீவின் மூலிகைகள் சில 2013இல் பிரெஞ்சு மருந்துத் தொகுதியிலேயே சேர்க்கப்பட்டன, அதனால் அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. ஒரு பாட்டி அப்படிக் கேட்டபோது நான் அரை மணி நேரம் உட்கார்ந்து அவரது எட்டு மருந்துகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். "சித்தி, டாக்டர் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு எழுதுறாங்க. எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பார்த்தது நீங்க மட்டும்தான். எனக்கு அதுதான் வேணும், மெடிசின் வேண்டாம்" என்றாள்.

அப்படியானால் லாஸ் என்று முடிவு செய்தோம். மார்ச்சில் விருப்பங்களைப் பதிந்தாள்: வேதியியலையும் உயிர் அறிவியலையும் முதன்மையாகக் கொண்ட லாஸ்கள், வேதியியல் துணைப்பாடத்தோடு ஒரு பாஸ், எதுவும் வராவிட்டால் சாதாரண வேதியியல் லிசான்ஸ் ஒன்று. பத்து விருப்பம் வரை போடலாம். அவள் ஆறோடு நிறுத்திக்கொண்டாள், ஆறிலும் படிக்கச் சம்மதம் என்றாள். ஏப்ரல் தொடக்கத்தில் உறுதிசெய்தாயிற்று. ஜூனில் பதில் வரத் தொடங்கும். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் பழைய கரிம வேதியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். போன வாரம் மெட்ஃபார்மினின் மூலக்கூறை அவளாகவே வரைந்து காட்டினாள், அது ஏன் நீரில் கரைகிறது என்றும் சொன்னாள்.